மணின்னு கூப்பிடுங்க

உக்காருங்க, உக்காருங்க. பையை மேல வெச்சுருங்க, மடியில எதுக்குப் போட்டு அமுக்கறீங்க. ஈரோடுங்களா? விஜயமங்கலமா, சரி. நான் பெருந்துறையில எறங்கறேன். அப்ப ஒன்றரை மணி நேரம் பேச்சுத் தொணைக்கு ஆளாச்சு.

என்னது, சாரா? அட, சாரெல்லாம் வேண்டாங்க. மணின்னு கூப்பிடுங்க. முழுப் பேரு தெய்வசிகாமணி. இந்தா, சட்டையில குத்தியிருக்கறேன் பாருங்க, பேட்ஜு. "மணி". வெறும் மணி. கம்பெனியிலயே அடிச்சுக் குடுத்தது. என்ற சம்சாரம் கேட்டா, ஏனுங்க, அம்பத்தி ரெண்டு வயசுல இதென்ன நாய்க்குட்டிக்குப் பேரு எழுதித் தொங்கவிட்டாப்லன்னு. அவளுக்கு என்ன தெரியும். இது லீடர்ஷிப்பு.

நீங்க என்ன பண்றீங்க? பேங்க்லயா? மேனேஜரா! பாத்தீங்களா, உங்க ஷூவைப் பாத்தப்பவே நெனச்சேன். கீழ எத்தன பேரு? பதினோரு பேரா. அப்ப நான் சொல்றது உங்களுக்குத்தான் புரியும். ஆளை வெச்சு வேலை வாங்கறவனுக்குத்தான் தெரியும் அந்த வலி. விஜயமங்கலத்துல எந்தப் பக்கம்? மேக்காலயா? சரி சரி, டிக்கெட்டை வாங்குங்க, அப்பறமாச் சொல்லுங்க.

இந்தக் கடலை மிட்டாய் எடுத்துக்கோங்க. அட எடுங்க.

நான் பம்ப் கம்பெனியில இருக்கறனுங்க, கணபதிப் பக்கம். இருவத்தாறு வருசம். ஹெல்ப்பராச் சேந்து புரொடக்சன் மேனேஜர் வரைக்கும் வந்தவன். எனக்குக் கீழ நாப்பது பேரு. பெரிய முதலாளி இருந்தவரைக்கும் லீடர்ஷிப்புன்னு ஒரு வார்த்தை எங்க காதுல விழுந்ததில்ல. ஒரு சத்தம் போட்டாப் போதும், மெசினு தானா ஓடும். இப்பச் சின்னவரு வந்துட்டாருங்க, பிரணவ் தம்பி. லண்டன்ல படிச்சுட்டு வந்தவரு. நல்ல பையன், குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா எதுக்கெடுத்தாலும் பீப்பிள், பீப்பிள்ம்பாரு.

போன வருசம் கிணத்துக்கடவுல புது பிளான்ட் கட்டி முடிச்சாங்க. அதுக்கு ஒரு ஹெட்டு வேணும். நானூறு பேரு வேலை செய்யப் போற எடம். யாருக்கு வரோணும் அந்தப் பதவி, நீங்களே சொல்லுங்க. இருவத்தாறு வருசம் இருந்தவனுக்கா, இல்லியா? ஊருல எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போட்டேன். மச்சாண்டார் வீட்டுல இப்பவே பிளான்ட் ஹெட்டுன்னுதான் கூப்புட ஆரம்பிச்சாங்க. பிரணவ் தம்பி என்னடான்னா, "சிகாமணிண்ணா, வேலை தெரியறது வேற, ஆளுங்களை நடத்தறது வேற. மூணு மாசம் பாப்போம். உங்க டீமே உங்களுக்கு மார்க் போடட்டும்" அப்படீன்னுட்டாரு. எனக்கு! எனக்குக் கீழ இருக்கறவன் மார்க் போடறதாம்!

சரி, போடட்டும்னு விட்டேன்.

அதுக்கு முன்னால எங்களை மூணு நாள் குன்னூருக்குக் கூட்டிட்டுப் போனாங்க, டிரெயினிங்கு. சொல்லிக் குடுக்க மெட்ராஸ்ல இருந்து ஒரு அம்மா. நாங்க மேடம்னா, "நோ மேடம், ஷர்மிளா"ங்குது. என்ற மகளை விட ரெண்டு வயசுதான் மூப்பு இருக்கும். ஒரு வெளையாட்டு வெச்சாங்க பாருங்க. ஒருத்தன் கண்ணை மூடிட்டுப் பின்னால விழுகோணுமாம், மத்தவங்க புடிச்சுக்குவாங்களாம். நம்பிக்கை வளருமாம். எல்லாரும் விழுந்தாங்க. நான் இடுப்பு வலின்னு சொல்லிப்போட்டு உக்காந்துக்கிட்டேன். பின்னால நிக்கறது யாரு எவருன்னு தெரியாம எப்படிங்க விழுகறது?

ஆனா பாடத்தை நல்லாக் கேட்டனுங்க. நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன். யாரையாவது கொறை சொல்லோணும்னா, ரொட்டியாட்டம் சொல்லோணும். மேல ஒரு பாராட்டு, நடுவுல கொறை, கீழ ஒரு பாராட்டு. கோவம் வந்தா வாயத் தெறக்கறதுக்கு முன்னால மனசுக்குள்ள அஞ்சு எண்ணோணும். நான் மூணுலயே தெறந்துருவேன், அது பழகப் பழகச் சரியாப் போகும்னு அந்தம்மா சொல்லுச்சு. எதையும் மறைக்காம டீம்ல போட்டு ஒடச்சுப் பேசோணும். எல்லாத்துக்கும் மேல, இந்த சாரு, மோரு எல்லாம் கூடாது. பேரு சொல்லிக் கூப்பிட்டாத்தான் பயம் போகும், பயம் போனாத்தான் உண்மை வரும். அப்படீன்னு அந்தம்மா சொல்லுச்சு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

திரும்பி வந்த அன்னைக்கே மெசினு ஓடற ஷாப்புல எல்லாரையும் நிக்க வெச்சுச் சொல்லிட்டேன். "இன்னைல இருந்து யாரும் என்னை சாருன்னு கூப்புடக் கூடாது. மணி. கூப்புடாதவங்க மேல ஆக்சன் எடுப்பேன்." அப்படி மெரட்டிச் சொன்னாத்தானுங்க கேப்பாங்க.

என்ன நடந்துச்சுங்கறீங்க? மூணு வாரத்துக்கு ஒருத்தனும் என்னை எதுவுமே கூப்புடலை! நேரா வந்து முன்னால நிப்பானுங்க. ஒரு இருமல். நான் நிமுந்து பாத்தா "ஏனுங், அந்த மூணாம் நம்பர் லேத்து..."ன்னு ஆரம்பிப்பானுங்க. நம்ம பக்கந்தான் ஒரு ஏனுங்க போட்டே ஒரு ஜென்மத்தை ஓட்டீரலாமே. ஃபிட்டர் கனகராஜுன்னு ஒருத்தன், கெட்டிக்காரன், அவன்தான் வழி கண்டுபுடிச்சான். "மணி சார்"ன்னான். பேரும் வந்துருச்சு, சாரும் போகலை. மறுநாள்ல இருந்து எல்லாரும் மணி சார். எனக்கும் அது புடிச்சுப்போச்சு. பாத்தீங்களா, சொல்லாமயே எடம் தெரிஞ்சு நடந்துக்கறாங்க. மரியாதைன்னா அதுதானுங்க. அது ரத்தத்துல இருக்கோணும்.

ரத்தத்துல இல்லாதது ஒண்ணு இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

குவாலிட்டியில ஒரு புள்ள. இளவரசி. பேரைப் பாருங்க! இருவத்தேழு வயசு. இஞ்சினியரிங் படிச்சது. அவினாசிக்கு வடக்கால எங்க ஊருதான், கருக்கங்காட்டுப் புதூர். எங்க ஊருன்னா, ஊருக்குள்ள இல்ல, ரோட்டுக்கு அக்கட்டால. அவங்கப்பன் ரங்கான் எங்க தோட்டத்துலதான் இருந்தான். எங்கப்பா காலத்துல இருந்து முப்பது வருசம். மாடு கன்னு எல்லாம் அவன் பொறுப்புதான். நல்லவன். அப்பவும் என்னைக் கண்டா சாமிம்பான், சைக்கிளை விட்டு எறங்கிருவான். நான் வேண்டாம்னுதான் சொல்றது. கேக்க மாட்டான்.

நான் அதெல்லாம் பாக்கறதே இல்லீங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். அந்தப் புள்ளைக்கு வேலை கெடச்சதே என்னாலதான். அது காலேஜுல பரீச்சை வெச்சு எடுத்தது, அது வேற. ஆனா லிஸ்ட்டுல பேரைப் பாத்துட்டு நான் ஒண்ணும் சொல்லலை பாருங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருக்கும். சொல்லலையே.

வேலையில சுத்தம். அதையும் ஒத்துக்கறேன். கண்ணு கழுகுக் கண்ணு. ஒரு மயிரிழை மாறுனாலும் புடிச்சுரும்.

ஒரு நாள் காலையில மீட்டிங்கு. நாப்பது பேரும் வட்டமா நிக்கறோம். ராஜஸ்தானுக்கு ஒரு ஆர்டரு, முன்னூத்தி இருவது பம்ப். அன்னைக்கு மத்தியானம் லாரி ஏறோணும். ஏறலைன்னா எனக்கு அந்த மாசம் டெலிவரி மார்க் போச்சு. பிளான்ட் ஹெட்டு பதவிக்கு அதையுந்தான் பாக்கறாங்க. நான், "எல்லாம் ரெடிதானே?"ன்னேன். எல்லாரும் ரெடிங்க மணி சார்ன்னாங்க. அப்ப அந்தப் புள்ள ஒரு அடி முன்னால வருது. கையில ஒரு பம்ப் பாடி. எல்லார்த்துக்கும் முன்னால சொல்லுது.

"மணி, இந்த லாட் போகக் கூடாது. வார்ப்புல காத்து ஓட்டை இருக்குது. தண்ணி கசியும்."

மணி. வெறும் மணி.

கனகராஜு தலையக் குனிஞ்சுக்கிட்டான். எவனோ ஒருத்தன் பின்னால இருமுனான். நான் அஞ்சு எண்ணுனனுங்க. சத்தியமா எண்ணுனேன். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணறப்ப எனக்கு என்னமோ எங்கப்பா வந்து பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருக்கறாப்ல இருந்துச்சு. காது ரெண்டும் சூடாயிருச்சு. அந்த பம்ப் பாடியை அது நீட்டுச்சு, நான் பாக்கவே இல்ல. என்ற காதுல ஓட்டைன்னு சொன்னது விழுகலை, லாட்டுன்னு சொன்னது விழுகலை. அந்த ஒரு வார்த்தைதான் விழுந்துச்சு.

என்ன பாக்கறீங்க? நாந்தான் அப்படிக் கூப்புடச் சொன்னேன். ஆமா, சொன்னேன். இல்லைங்கலை. நாப்பது பேருகிட்டச் சொன்னேன், முப்பத்தொம்பது பேருக்குப் புரிஞ்சுது. இதுக்கு மட்டும் ஏன் புரியலை? பேட்ஜுல எழுதியிருந்தா அப்படியே படிச்சுடறதா?

அது போயி அந்த லாட்டு மேல செவப்புச் சீட்டு ஒட்டிருச்சு. செவப்புச் சீட்டு இருந்தா லாரி ஏறாது, அது ரூலு. நான் பத்து மணிக்குப் போனேன். சீட்டைக் கிழிச்சேன். மத்தியானம் லாரி போயிருச்சு. மேனேஜரு நானு, முடிவு என்னுது. முடிவெடுக்கறவன்தான் லீடருன்னு அந்தம்மாவே சொல்லியிருக்குது.

சாயங்காலம் அதை ரூமுக்குக் கூப்புட்டு ரொட்டி பண்ணேன். எல்லாம் பாடத்துல சொன்னபடி. "அம்மிணி, உன்ற கையெழுத்து நல்லா இருக்குது"ன்னேன். இது மேல் ரொட்டி. "ஆனா பெரியவங்க சின்னவங்க தெரியலை. எங்கிருந்து வந்தோம்கறதை மறக்கக் கூடாது"ன்னேன். அப்பறம், "டைமுக்கு வேலைக்கு வர்றே, சந்தோசம்"னேன். எவ்வளவு பக்குவமாச் சொல்லியிருக்கறேன் பாருங்க. அது என்னையே பாத்துட்டு நின்னுச்சு.

"நீங்கதானே அப்படிக் கூப்புடச் சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்குன்னு?"

"மத்தவங்க கூப்புடலாம், நான் கூப்புடக் கூடாதுங்களா?"

"அப்படி நான் சொன்னனா? அப்படி நான் சொல்லவே இல்ல!"ன்னேன். மேசையைத் தட்டுனனாட்ட இருக்குது. "மணி சார்னு சொல்லு. எல்லாரும் சொல்றாங்கல்ல?"

"சரிங்க சார்"ன்னுட்டுப் போயிருச்சு.

அதோட விட்டுச்சா? ரெண்டு நாள் கழிச்சு பிரணவ் தம்பி ஷாப்புக்கு வர்றாரு. அவரு முன்னால இது என்னை "சார், சார், சார்"ங்குது. மூச்சுக்கு ஒரு சாரு. தம்பி என்னைத் திரும்பிப் பாக்கறாரு. "என்னண்ணா, இன்னும் சார் போகலையா?"ங்கறாரு. எனக்கு மார்க் போயிருமே! அப்பறம் மறுபடி அதைக் கூப்புட்டு, "இங்க பாரு, தம்பி வந்தா மணின்னு சொல்லு, தம்பி போனா சார்னு சொல்லு, அவ்வளவுதான்"னு தெளிவாச் சொல்லிக் குடுத்தேன். சிரிக்கறீங்க? இதுல என்னங்க சிரிப்பு? ஒரு சின்ன விசயம். எடம் பாத்து நடந்துக்கோன்னு சொல்றது தப்பா?

அன்னையிலிருந்து அது என்கிட்டப் பேசறதையே நிறுத்திப்போடுச்சு. எதுன்னாலும் சீட்டுல எழுதி மேசை மேல வெச்சுட்டுப் போகும். இதைத்தானுங்க திமிருங்கறது. நான் ஒரு மெமோ அடிச்சேன். மேலதிகாரியிடம் பேசும் முறை சரியில்லை, மூணு நாள்ல விளக்கம் குடுக்கோணும்னு. மெமோ வந்தா நெலமை என்னன்னு உங்களுக்குத் தெரியும், மூணு மெமோவுக்கு வேலையே போயிரும்.

இந்தாங்க, தண்ணி குடிங்க. கடலை மிட்டாய் தின்னா தாகமா இருக்கும். வாய் வெச்சே குடிங்க, பரவால்ல, நம்ம ஆளுகதானே. மொகத்தைப் பாத்தாலே தெரியுமுங்க எனக்கு. அவினாசி தாண்டிட்டமா? அதோ அந்த ரோட்டுல உள்ள போனா எங்க ஊரு.

எங்க விட்டேன்? மெமோ. அந்த ஞாயித்துக்கெழமை தோட்டத்துல இருக்கறேன். ரங்கான் வர்றான். நடந்தே வந்திருக்கறான், மூணு கிலோமீட்டரு. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டான். களத்துமேட்டுக்கு அந்தப் பக்கமே நின்னுட்டான். அறுவத்தாறு வயசு. மக மெமோவை வீட்டுல ஒளிச்சு வெச்சிருக்குது, பக்கத்து வீட்டுப் பையன் யாரோ படிச்சுச் சொல்லியிருக்கறான்.

"சாமி, புள்ளைக்குப் பேசத் தெரியலீங்க சாமி. படிச்ச புள்ள, வெளியூர்ல இருந்துட்டு வந்துச்சு. நான் சொல்லி வெக்கறனுங்க. வேலையை எடுத்துப் போடாதீங்க சாமி"ன்னு கும்புட்டான்.

எனக்கு மனசு எளகிப்போச்சுங்க. உண்மையைச் சொல்றேன், ஒரு மாசமா நெஞ்சுல இருந்த எரிச்சல் அப்பத்தான் அடங்குச்சு. தண்ணி தெளிச்ச கங்காட்டம் ஆறிப்போச்சு. "போடா ரங்கா, போ, நான் பாத்துக்கறேன்"ன்னேன். காப்பி குடுக்கச் சொன்னேன். அவனுக்குன்னு எப்பவும் வெச்சிருக்கற டம்ளர்லதான் குடிச்சான், அவனே எடுத்துக்கிட்டான். நான் ஒண்ணும் சொல்லலை.

மன்னிக்கறவன்தானுங்க தலைவன். திங்கக்கெழமை காலையில மீட்டிங்குல மெமோவை எடுத்து நாப்பது பேரு முன்னால கிழிச்சேன். எதையும் மறைக்காமப் பேசோணும்னு சொல்லியிருக்காங்கல்ல? அதனால சொன்னேன். "இவங்கப்பன் நம்ம தோட்டத்துக்கு வந்து கையெடுத்துக் கும்புட்டுக் கேட்டுக்கிட்டான். அவன் மொகத்துக்காக விட்டுட்டேன். எல்லாரும் கை தட்டுங்க"ன்னேன். தட்டுனாங்க.

அதுக்குத் தெரியாதாட்ட இருக்குது. அவன் வந்து போனதை மககிட்டச் சொல்லவே இல்லை போல. மொகம் வெளுத்துப்போச்சு. கை தட்டல் முடியற வரைக்கும் நின்னுச்சு. அப்பறம் சத்தமே போடலைங்க, மெதுவாத்தான் கேட்டுச்சு.

"எங்கப்பா பேரு என்னன்னு தெரியுங்களா?"

"தெரியாம? ரங்கான்."

"ரங்கசாமி. ரேசன் கார்டுல ரங்கசாமின்னு இருக்குது. உங்களை விட பதினாலு வயசு பெரியவரு. முப்பது வருசம் உங்க வீட்டுல வேலை செஞ்சாரு. ஒரு நாளாவது அவரை வாங்கன்னு கூப்புட்டிருக்கீங்களா?"

அது ஒரு அடி முன்னால வந்துச்சு.

"நான் உங்களைப் பேரு சொல்லிக் கூப்புட்டது ஒரு தடவை. நீங்க சொல்லித்தான் கூப்புட்டேன். அதுக்கு எங்கப்பாவைச் செருப்பைக் கழட்டி நிக்க வெச்சுட்டீங்க. இனிமே எனக்கு இந்த வேலை வேண்டாம், தெய்வசிகாமணி."

முழுப் பேரும் சொல்லிப்போடுச்சு. பேட்ஜுல இல்லாததைக் கூட.

நான் எண்ணுனனுங்க. அஞ்சு இல்ல, முப்பது வரைக்கும் எண்ணுனேன். கவனமாக் கேக்கறதும் லீடர்ஷிப்புதான், அதனால ஒரு வார்த்தை குறுக்க பேசலை. அது போட்டிருந்த கம்பெனிக் கோட்டைக் கழட்டி மேசை மேல மடிச்சு வெச்சுட்டுப் போயிருச்சு. அன்னைக்கு மத்தியானம் கனகராஜு சாப்புடலை. வயித்து வலின்னான்.

அடுத்த வாரம் மார்க் போட்டாங்க. பேரு எழுதாத சீட்டு. நான் நடுவுல சேர் போட்டு உக்காந்திருந்தேன், யாருக்காவது எழுதறதுல சந்தேகம் வந்தாச் சொல்லித் தர்றதுக்கு. முப்பத்தொம்பது சீட்டு. அத்தனையும் பத்துக்குப் பத்து! கம்பெனியில வேற எவனுக்கும் வரலை. எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. பதவி கைக்கு வந்தாச்சு, லெட்டரு அடிக்கறதுதான் பாக்கி.

அப்பத்தான் ராஜஸ்தான்ல இருந்து லாரி திரும்பி வந்துச்சு.

முன்னூத்தி இருவதுல இருநூத்திச் சொச்சம் கசியுது. காத்து ஓட்டை. தம்பி விசாரணை வெச்சாரு. நான் சொன்னேன், குவாலிட்டிப் புள்ள சரியாப் பாக்கலைன்னு. அது இல்லைங்கறதுக்காக வேணும்னே சொல்லலை. அது போயிருச்சு, நான் என்ன பண்ண? தம்பி மேசை டிராயரைத் தெறந்து ஒரு சின்னப் புஸ்தகத்தை எடுத்து வெச்சாரு. செவப்புச் சீட்டோட அடிக்கட்டை. கார்பன் வெச்சு எழுதியிருக்குது. தேதி, லாட் நம்பரு, காத்து ஓட்டை, எல்லாம். அந்த நல்ல கையெழுத்துலயே.

"சீட்டைக் கிழிச்சது யாருண்ணா?"

நான் பொய் சொல்றவன் இல்லீங்க. நான்தான்னேன்.

"ஏண்ணா?"

அப்பவும் உள்ளதைத்தான் சொன்னேன். மறைக்காமப் பேசோணும்ல. "தம்பி, அது சொன்ன விசயம் சரிதான். சொன்ன விதந்தான் சரியில்லை. அன்னைக்கு சார்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருந்தா அந்த லாட்டை அங்கயே நிறுத்தியிருப்பேன். சத்தியமா நிறுத்தியிருப்பேன்"ன்னேன்.

தம்பி என்னையே பாத்துட்டு இருந்தாரு. அவரும் எண்ணுனாரோ என்னமோ.

நீங்க சொல்லுங்க, நான் சொன்னதுல என்ன தப்பு? உண்மை வரோணும்னா பேரு சொல்லிக் கூப்புடச் சொன்னாங்க. உண்மையைத்தானே சொன்னேன்? என்ன, ஜன்னலையே பாத்துட்டு வர்றீங்க? சரி, அசதியா இருக்கும்.

பிளான்ட் ஹெட்டு பதவி ஓசூர்ல இருந்து வந்த ஒருத்தனுக்குப் போயிருச்சு. முப்பத்தெட்டு வயசு. எனக்கு என்ன குடுத்தாங்க தெரியுங்களா? "லீடர்ஷிப் கோச்". தனி ரூமு. ஏசி. எனக்குக் கீழ நாப்பது பேரு இருந்த எடத்துல இப்ப ஒரு ஆள் கெடையாது. காப்பிக்குக் கூட நானே எந்திரிச்சுப் போவோணும். ஷாப்புக்குள்ள போனா எல்லாரும் வணக்கம் சார்ங்கறாங்க. மணியும் போச்சு, வெறும் சாரு. யாரும் நின்னு பேசறதில்ல. கனகராஜைக் கூப்புட்டா மெசினு ஓடுதுங்கறான். இருவத்தாறு வருசம். வயிறு எரியுதுங்க. வெளிய சொல்ல முடியலை, மச்சாண்டார் வீட்டுப் பக்கம் போயி ஆறு மாசம் ஆச்சு.

வேலை என்னன்னா, காலேஜு காலேஜாப் போயிக் கிளாஸ் எடுக்கறது. இன்னைக்குப் பெருந்துறையில. தலைப்பைக் கேளுங்க, "மனிதர்களை மதித்து நடத்துவது எப்படி". நூத்தம்பது பசங்க வர்றாங்க. அந்த பேட்ஜு போட்டுக்கிட்டுத்தான் போவோணும்னு தம்பி சொல்லியிருக்காரு.

அந்தப் புள்ளையா? அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்குது. ஓசூர்ல பெரிய கம்பெனியாம். கீழ இருவது பேராம். அதைப் பேரு சொல்லித்தான் கூப்புடறாங்களாம், கனகராஜு இன்னொருத்தன்கிட்டச் சொல்லிட்டு இருந்தது காதுல விழுந்துச்சு. ரங்கானையும் கூட்டிட்டுப் போயிருச்சு. போறப்ப ஒரு வார்த்தை வந்து சொல்லிட்டுப் போகலை, பாருங்க. முப்பது வருசம் சோறு போட்ட வீடு. அந்த டம்ளரு இன்னும் களத்துல அந்தக் கல்லு மேலயே கவுத்துக் கெடக்குது.

விஜயமங்கலம் வந்துருச்சாட்ட இருக்குது. அட, நான் பாட்டுக்கு என் கதையே பேசிட்டு வந்துட்டேன். நீங்க எந்தப் பக்கம்னு சொல்லவே இல்லியே? கோயில் வீதியா? மேக்கால தோட்டமா?

காலனியா.

ஓ.

அதனால என்ன. நல்லது, நல்லது. நான்தான் அப்பவே சொன்னேன்ல, அதெல்லாம் நான் பாக்கறதே இல்ல. பேங்க் மேனேஜரு. இப்பெல்லாம் எல்லாருமே வந்துடறாங்க, சந்தோசந்தான். படிச்சு முன்னுக்கு வந்துட்டீங்க. வந்துட்ட.

பாட்டிலா? வேண்டாம், வேண்டாம். நீயே வெச்சுக்க. எனக்குத் தாகமில்ல. இல்லப்பா, கொண்டு போ. நான் எறங்கி வேற வாங்கிக்கறேன்.

பை மேல இருக்குது, எடுத்துக்க. பாத்து எறங்கு.

என்ன?

என்ன சொன்ன?

"போயிட்டு வர்றேன் மணி"யா?

ஏப்பா, நில்லு. நில்லுங்கறேன்ல! உனக்கு என்ன வயசு, எனக்கு என்ன வயசு? சாருன்னு சொன்னா வாயா வலிக்கும்? கண்டக்டரு, வண்டியை எடுக்காத. அந்தா போறான் பாரு, என் தண்ணியக் குடிச்சுப்போட்டு என்னையே பேரு சொல்லிக் கூப்புட்டுட்டுப் போறான். பாத்தியா? கேட்டியா நீ?

இல்ல. கோவப்படக் கூடாது. பத்து மணிக்குக் கிளாஸ் இருக்குது. எண்ணோணும்.

ஒண்ணு. ரெண்டு. மூணு.